எங்கள் ஊர்க் குரல்

நம் கல்லூரி ஆண்டு மலருக்குப் பழைய மாணவன் என்னும் முறையில் ஒரு கட்டுரை வரைந்து உதவுமாறு மலராசிரியர் பணித்தபொழுது, எப்பொருள்பற்றி எழுதுவது என்று சில நாள் மயங்கியிருந்தேன். பேராசிரியர் பலர் எழுதும் பக்கங்களில் இலக்கிய ஆராய்ச்சி செய்யும் ஆற்றல் எனக்கில்லை. பிறதேசங்களிற் பிரயாணம் செய்து கண்ட புதுமைகளும் என்னிடமில்லை. அந்நிலையில், சென்ற பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குச் சென்றிருந்தேன். பரண்மேலிருந்த பழம் பாத்திரங்களை இறக்கியபோது அவற்றோடு ஒரு வானொலிப் பெட்டியும் இறங்கிற்று. அதன் தோலுறையை எலி கடித்திருந்தது. என் தம்பியின் மகன், பன்னிரண்டு வயதுச் சிறுவன், அதனைக் கையிலெடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பெரியப்பா, இதுல என்ன வரும்?" என்று வினவினான். "மதுரை வரும்" என்றேன். அவன் நகைத்தான், பேருந்தேறினால் ஒரு மணி நேரத்தில் அடையத்தக்க மதுரை ஒரு பெட்டிக்குள் ஏன் வரவேண்டும் என்பது அவனுக்கு விளங்கவில்லை.

அவ்விடையை விரித்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அதனோடு, முப்பது ஆண்டுகளாக எவரிடத்தும் சொல்லாத செய்தி ஒன்றையும் இங்கே சொல்லக் கடமைப்பட்டுள்ளேன்.

எங்கள் ஊர் மதுரைக்கு வடமேற்கே வாடிப்பட்டியைச் சார்ந்த ஒரு சிற்றூர். வடபால் சிறுமலைத் தொடர் நிற்கும். தென்பால் வைகை ஓடும். மேற்கே ஓடிக் கடலிற் கலந்த பெரியாற்று நீரை அணைகட்டித் தேக்கி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய பெரும்பணி 1895ஆம் ஆண்டு நிறைவேறிற்று. அன்றுதொட்டுப் பேரணையிற் பிரியும் பெரியாற்று வாய்க்காலே எங்கள் ஊரார்க்கு உயிர்நாடி. 1959இல் வைகை அணையும் எழுந்தது. அதன் முழுக்கொள்ளளவு 71 அடி. அணையில் எத்தனை அடி நீர் நிற்கிறது, மதகு என்று திறக்கப்படும், நீர் எத்தனை நாள் ஓடும் என்னும் இவையே எங்கள் ஊரில் உலகச் செய்திகள். இவற்றை முந்தி அறிந்தவன் முந்தி நாற்றங்கால் விடுவான். பிந்தி அறிந்தவன் பிறர் வயல் பார்த்துப் பெருமூச்செறிவான். ஆதலின், தொலைவிலிருந்து வரும் குரலொன்று எங்கள் ஊரார்க்கு வேடிக்கைப் பொருளாக ஒருநாளும் இருந்ததில்லை.

தமிழ்நாட்டில் வானொலி பிறந்த வரலாற்றை நோக்குவோமாயின், அது முதற்கண் ஒரு சிறு கூட்டத்தாரின் சிறு முயற்சியாகவே தோன்றிற்று என்பது புலப்படும். 1924ஆம் ஆண்டில் சென்னையில் கிருஷ்ணசுவாமி செட்டியார் முதலிய ஆர்வலர் சிலர் கூடிச் சென்னை மாகாண ரேடியோ சங்கத்தை நிறுவி, அவ்வாண்டு ஜூலைத் திங்கள் 31ஆம் நாள் ஒலிபரப்பைத் தொடங்கினர். அவர்கள் முதலிற் கொண்டிருந்த கருவியின் ஆற்றல் 40 வாட் அளவினதே. வீட்டுத் திண்ணையில் எரிந்த பழைய மின்விளக்கொன்றின் ஆற்றலுக்கு அது மிகுந்ததன்று. பின்னர்ப் பெரிய கருவி வாங்கினராயினும் பொருள் முட்டுப்பாட்டினால் 1927இல் ஒலிபரப்பை நிறுத்த நேர்ந்தது. சென்னை மாநகராட்சி அக்கருவியை ஏற்று 1930இல் மீண்டும் ஒலிக்கச் செய்தது. கடற்கரை முதலிய பொதுவிடங்களில் ஒலிபெருக்கிகள் அமைக்கப்பெற்றன; மாலையிற் காற்று வாங்க வந்தோர் மணலிலிருந்தே சங்கீதம் கேட்டனர். அதன்பின்னரே அரசினர் நேரே இப்பணியிற் புகுந்து, 1938ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையத்தையும், 1939ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் திருச்சிராப்பள்ளி நிலையத்தையும் திறந்தனர்.

மதுரையோ காத்திருந்தது. தமிழ்ச் சங்கம் நடத்திய நகரம், நாடகமேடைக்கும் இசைக்கும் தாயகமான நகரம், வானலையில் தனக்கென ஒரு நாவின்றி அரை நூற்றாண்டிற்கு மேல் இருந்தது. 1963இல் திருநெல்வேலிக்குக்கூட ஒரு நிலையம் வாய்த்தது. எங்கள் ஊரார் திருச்சியைக் கேட்டனர், திருநெல்வேலியைக் கேட்டனர். 1952ஆம் ஆண்டில் மத்திய அமைச்சராயிருந்த கேஸ்கர் திரைப்பாடல்களை அகில இந்திய வானொலியினின்று பெரிதும் விலக்கியபோது, பிறரைப்போலவே இலங்கை வானொலியையும் கேட்டனர். அம்மனத்தாங்கலைத் தணிக்க 1957இல் விவித பாரதி தோன்றிற்று. என் தந்தையார் சிறுவராயிருந்த காலத்தில் ஊரில் வானொலி என்பது ஊராட்சிமன்றத்துக் கட்டடத்தில் பூட்டிவைக்கப்பட்ட ஒரு பெட்டியே. மாலையில் அதனைத் திறந்து முடுக்குவார்கள். ஒலிபெருக்கியின் கீழே ஊரார் அமர்ந்து கேட்பார்கள். தனியொருவர் பெட்டி வைத்துக்கொள்வதாயின் அஞ்சல் நிலையத்தில் ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் செலுத்தவேண்டியிருந்தது. 1980களின் நடுப்பகுதியளவில் அவ்வழக்கம் ஒழிந்தது.

அக்காலத்து வானொலி உழவர்க்குச் செய்த உதவியை நன்றியோடு குறித்தல் வேண்டும். 1960களின் பிற்பகுதியில் ஆடுதுறை 27 என்னும் குறுகிய கால நெல்வகை தஞ்சைப் பகுதியிற் பரவிற்று. அதன் சாகுபடி முறைகளை வேளாண்மைத் துறையாரும் வானொலியாரும் இடைவிடாது எடுத்துரைத்தனர். உழவர் அந்நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயரிட்டுவிட்டனர். விதை நிலத்தில் விழுமுன்னர்ச் செவியில் விழுந்தது என்பதை இதனினும் சுருக்கமாகச் சொல்லுதல் இயலாது. எனினும் அக்குரல் காவிரிக்கரையின் குரல். ஆடிப்பெருக்கும் மேட்டூர் நீர்மட்டமும் அதில் தாமே வந்து நிற்கும். வைகையும் பெரியாறும் விருந்தினர்போல எப்போதேனும் வந்து செல்லும்.

1987ஆம் ஆண்டில் மதுரை வானொலி நிலையம் தொடங்கப்பெற்றது. எனக்கு அப்போது வயது பன்னிரண்டு. அந்நாட்களில் எங்களுக்கு வியப்பளித்தவை பாட்டும் அன்று, நாடகமும் அன்று, பெயர்களே. மேலூர், உசிலம்பட்டி, சோழவந்தான், திருமங்கலம் என்று பெட்டியிலிருந்து கேட்டபோது, தெருவில் எவரோ நம்மைப் பெயர் சொல்லி அழைத்தாற்போலத் திரும்பிப் பார்த்தோம். வாடிப்பட்டி என்னும் சொல் முதன்முறை ஒலித்த நாளில் என் தாயார் அடுப்படியினின்று வெளியே வந்து நின்றதை நான் மறக்கவில்லை. அதுவரை எங்கள் ஊர்ப்பெயர் பேருந்துப் பலகையிலும் அஞ்சல் முத்திரையிலும் மட்டுமே எழுதப்பட்டிருந்தது. பொதுச்சபையில் அதனை ஒருவர் உரக்கச் சொல்லுதல் எங்களுக்குப் புதிது.

என் அப்பத்தா அக்காலத்தில் நடமாட்டம் ஒடுங்கிப் படுத்த படுக்கையாயிருந்தார். நடக்க முடிந்தவரை ஒரு சித்திரையும் தவறாது அழகர் ஆற்றில் இறங்குவதைக் காணச் சென்றவர் அவர். திருவிழாவின் நேர்முக வருணனை மதுரை வானொலியில் வந்த விடியற்காலையில், பெட்டியை அவர் தலைமாட்டில் வைத்தோம். குதிரை வாகனம் வைகைக்கரையை அணுகுகிறது என்று வருணனையாளர் கூறினார். மக்கள் ஆரவாரத்தில் அவர் குரலும் மூழ்கிற்று. அப்பத்தா அப்பெட்டியை நோக்கிக் கைகுவித்தார். வருணித்தவர் யாரோ, நான் அறியேன். ஆனால், கூட்டம் எந்தப் பாலத்தருகே நெருங்கும், எந்தத் தெருவழியாகப் புழுதி எழும் என்று அறிந்த ஒருவர் பேசினார் என்பது மட்டும் அக்கிழவிக்குத் தெரிந்தது.

இனி, பண்பலை என்பதன் இயல்பையும் சிறிது கூறவேண்டும். பழைய மத்திய அலை ஒலிபரப்பில், ஒலியின் ஏற்ற இறக்கத்திற்கேற்ப அலையின் உயரம் மாறும். மின்னல் வெட்டினும், கிணற்றடியில் நீரிறைக்கும் மோட்டார் ஓடினும் அவை எழுப்பும் மின்கிளர்ச்சி அலையின் உயரத்தைக் கலைத்துக் கரகரப்பை உண்டாக்கும். பண்பலையிலோ அலையின் உயரம் மாறுவதில்லை. அதன் அதிர்வெண்ணே ஒலிக்கேற்ப மாறும். ஆகையால் இரைச்சல் பெரிதும் தீண்டாது. அமெரிக்கப் பொறியறிஞர் எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் இம்முறைக்கு 1933இல் காப்புரிமை பெற்றார். இந்தியாவில் முதற் பண்பலை ஒலிபரப்பு 1977ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள் சென்னையில் தொடங்கிற்று.

தெளிவு என்னும் அப்பேற்றிற்கு ஒரு விலையும் உண்டு. மத்திய அலை நிலத்தைத் தழுவிச் செல்லும். இரவில் வான்மேற் படலத்திற் பட்டு மீண்டு நெடுந்தொலைவு பாயும். பண்பலைக்குரிய அலைகளோ நம் கண்பார்வையைப்போல நேரே செல்வன. பூமியின் வளைவு மறைக்குமிடத்தில் நின்றுவிடுவன. நூறு மீட்டர் உயரமுள்ள கோபுரத்தினின்று அவை சமவெளியில் ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவே எட்டும். அக்கோபுரத்தை மலையுச்சிக்குக் கொண்டுசென்றால் கணக்கு மாறும். 1990களிற் கேட்கத் தொடங்கிய கோடைக்கானல் நிலையம் இதற்குச் சான்று. சமவெளிக்கு ஏறத்தாழ 1900 மீட்டர் மேலே நின்று 100.5 மெகாஹெர்ட்ஸில் பேசும் அந்நிலையத்திற்குக் கணக்கின்படி 180 கிலோமீட்டர் வரை அடிவானம் விரிகின்றது. 103.3 என்னும் எண்ணிற் பேசும் மதுரைக்கு அத்தகைய மலைப்பீடம் இல்லை. மலைமேலிருப்பவர் பலரைக் காண்பர். சமவெளியில் நிற்பவர் அண்டை வீட்டாரைக் காண்பர். இரண்டும் வேண்டியனவே. கோடைக்கானல் ஒலிக்கலானபின் என் தந்தையார் பண்பலையுள்ள ஒரு பெட்டியைப் புதிதாக வாங்கினார். பரணிலிருந்து இப்போது இறங்கியது அதுவே. காலையில் மலையைக் கேட்பார். மாலையில் மதுரையைக் கேட்பார்.

இப்போது என் செய்திக்கு வருகின்றேன்.

1995ஆம் ஆண்டு ஐப்பசித் திங்கள். நான் நம் கல்லூரியில் இளங்கலை மூன்றாம் ஆண்டு பயின்றுகொண்டிருந்தேன். வாடிப்பட்டிப் பக்கத்தில் புகையான் பூச்சியினால் நெற்பயிர் திட்டுத்திட்டாகக் காய்ந்து, தீப்பட்டதுபோல் தோன்றிற்று. எங்கள் வயல் பெரிதும் தப்பியது. வானொலியிற் பண்ணை நிகழ்ச்சிக்காக உழவர் சிலரின் பேச்சை ஒலிப்பதிவு செய்ய வரவிருப்பதாகவும், என் தந்தையாரைப் பேசச் சொல்லியிருப்பதாகவும் வீட்டில் அறிந்தேன். அவர் ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். எனக்கு மகிழ்ச்சி உண்டாகவில்லை, அச்சமே உண்டாயிற்று. அவர் பேசும் தமிழை மதுரை முழுவதும் கேட்குமே என்னும் அச்சம். அன்றிரவே அமர்ந்து இரண்டு பக்கம் எழுதினேன். "நெற்பயிரின் அடிப்பாகத்திற் கூட்டமாகத் தங்கிச் சாற்றினை உறிஞ்சும் இப்பூச்சியினத்தின் தாக்குதலால்" என்று அது தொடங்கிற்று. அதனை அவரிடம் கொடுத்து, "அப்பா, இதையே வாசித்துவிடுங்கள், வேறொன்றும் பேச வேண்டாம்" என்று சொல்லிவிட்டு மதுரைக்குத் திரும்பினேன்.

அங்கு நடந்ததைப் பின்னர் என் தாயார் கூறினார். வாய்க்காற்கரைப் புளியமரத்தடியில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்தார்களாம். தந்தையார் தாளை விரித்து வாசித்தாராம். இரண்டாம் வரியில் நின்றார். மறுபடி தொடங்கி மறுபடியும் அங்கேயே நின்றார். முகம் வியர்த்தது. வந்திருந்த அலுவலர் தாளை மெல்ல வாங்கி மடித்து, "ஐயா, இது இருக்கட்டும். காலையில் வயலுக்குப் போனீர்களே, அங்கே என்ன பார்த்தீர்கள்? அதைச் சொல்லுங்கள்" என்றாராம். அதன்பின் தந்தையார் நிற்கவில்லை.

அவ்வொலிப்பதிவு ஒலிபரப்பான மாலையில் நான் கல்லூரிக்கு அண்மையில் நண்பர் மூவரோடு தங்கியிருந்த வாடகை அறையில் இருந்தேன். எந்நாள் வரும் என்பதை ஊரினின்று சொல்லியனுப்பியிருந்தனர். நானோ எவரிடமும் சொல்லவில்லை. நண்பர் ஒருவர் பாட்டு தேடித் தம் பெட்டியின் முள்ளைத் திருப்பிக்கொண்டிருந்தார். திடீரென அக்குரல் வந்தது.

"நாத்து நடும்போதே எட்டடிக்கு ஒருக்கா ஓரடி எடம் விட்டுப்புடணும்ங்க. காத்தும் வெயிலும் உள்ள எறங்கணும்ல. வரப்புல நின்னு பாத்தாப் பயிரு பச்சப்பசேல்னுதான் இருக்கும். அத நம்பக் கூடாது. உள்ள எறங்கி, அங்கிட்டு ஒரு தூரு இங்கிட்டு ஒரு தூரு விரிச்சு, தண்ணி மட்டத்துல பாக்கணும். பூச்சி தெரிஞ்சுச்சுன்னா மொதல்ல தண்ணிய வடிச்சுருங்க. மருந்தெல்லாம் அப்பறம். யூரியாவ அள்ளிப் போட்டா, நாமளே அதுக்குப் பந்தி வச்ச மாதிரி."

வேறு மாவட்டத்தினின்று வந்து பயின்ற நண்பர் ஒருவர் "அங்கிட்டு, இங்கிட்டு" என்று அக்குரலைப் போலவே சொல்லிக் காட்டினார். அனைவரும் நகைத்தனர். நானும் நகைத்தேன். நகைத்ததோடு அமையாமல், "யாரோ பட்டிக்காட்டு ஆள்" என்று என் வாயினாலேயே சொன்னேன். நண்பர் முள்ளைத் திருப்பினார், பாட்டு வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊர் சென்றேன். தந்தையார் தொழுவத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "கேட்டியாப்பா?" என்றார். "கேட்டேன் அப்பா" என்றேன். "முழுசும் கேட்டியா? கடைசியில ஒன்னையப் பத்தி ஒரு வார்த்த சொன்னேன். எம்மகன் காலேசுல படிக்கிறான், அவந்தான் எல்லாத்தையும் எழுதிக் குடுத்தான், எனக்குத்தான் வாசிக்க வரலன்னு சொன்னேன். அதப் போட்டாகளா?" என்று கேட்டார்.

"போட்டார்கள்" என்றேன். அது போடப்பட்டதோ இல்லையோ, நான் அறியேன். அதற்குள் முள் திரும்பிவிட்டிருந்தது.

ஏறத்தாழ ஒரு திங்கள் கழித்து மேலூர்ப் பக்கத்துக் கடைமடை ஊரிலிருந்து உழவர் ஒருவர் பேருந்தேறி வந்து, வாடிப்பட்டியில் விசாரித்து எங்கள் வீட்டை அடைந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம் இருந்தது. அன்று நானும் வீட்டிலிருந்தேன். வானொலிப் பேச்சைக் கேட்ட இரவே அரிக்கேன் விளக்கோடு வயலிலிறங்கித் தூரை விரித்துப் பார்த்ததாகவும், பூச்சியைக் கண்டு விடியுமுன் நீரை வடித்ததாகவும், பயிரின் பெரும்பகுதி பிழைத்ததாகவும் சொன்னார். "அதிகாரிக நெறையப் பேரு சொல்லுறாகதான், அண்ணே. நீங்க சொன்னது எங்க சித்தப்பா சொன்ன மாதிரி இருந்துச்சு. அதுனாலதான் தண்ணிய வடிக்கத் துணிஞ்சேன்" என்றார்.

கடைமடை உழவன் நீரை வடிப்பதென்றால் என்ன பொருள் என்பதை வயலறியாதார் உணர்தல் அரிது. முறைவைத்து, இரவெல்லாம் விழித்து, சிலபோது சண்டையிட்டுப் பெற்ற நீர் அது. அதனைத் தன் கையாலேயே வெளியேற்ற வேண்டுமாயின், சொல்பவன்மீது நம்பிக்கை வேண்டும். நான் எழுதிய இரண்டு பக்கங்களிலும் நீரை வடித்தல் என்பது இருந்தது, பிழையின்றியே இருந்தது. ஆயினும் என் தந்தையார் அதனை வாசித்திருப்பின் அம்மனிதர் தம் வயலின் மடையை வெட்டியிருக்கமாட்டார். அன்று நான் அறிந்தது இதுவே: செய்தி மெய்யாயிருத்தல் மட்டும் போதாது, நம்முள் ஒருவன் சொன்னான் என்று தோன்றவும் வேண்டும். சிறிய ஊரின் சிறிய நிலையம் நிற்பதற்குரிய காரணம் இஃதொன்றே.

இவ்வாறு கூறுவதனால் பொதுத்தமிழை இகழ்கின்றேன் என்று எவரும் கருதவேண்டா. செய்தியறிக்கை குமரி முதல் சென்னை வரை அனைவர்க்கும் விளங்கவேண்டுவது. அதற்கு எல்லார்க்கும் பொதுவான நடையே தக்கது. இக்கட்டுரையையும் நான் என் தந்தையாரின் நடையில் எழுதவில்லை. நம் ஆசிரியர்கள் கற்பித்த நடையிலேயே எழுதுகின்றேன். குற்றம் நடையில் இல்லை. ஒரு நடையைக் கற்றதனால் மற்றொன்றைக் கண்டு நாணிய என் உள்ளத்திலேயே இருந்தது.

நான் அறையிலமர்ந்து நகைத்த அதே 1995ஆம் ஆண்டில், பிப்ரவரி 9ஆம் நாள், இந்திய உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பளித்தது. வானலைகள் பொதுமக்களின் உடைமை. அரசினரேனும் தனியாரேனும் அவற்றைத் தமக்கே உரியனவாகக் கொள்ளலாகாது என்பது அதன் சாரம். அதன் பயனாகப் பின்னர் இருவழிகள் திறந்தன. ஒன்று வணிக வழி. 2001இல் பெங்களூரில் தனியார் பண்பலை தொடங்கிற்று. பின்னர் மதுரைக்கும் மிர்ச்சி, சூரியன், ஹலோ என்னும் நிலையங்கள் வந்தன. பேருந்திலும் தேநீர்க்கடையிலும் அவையே ஒலித்தன. 'அங்கிட்டு இங்கிட்டு' என்னும் பேச்சு அவற்றில் வேடிக்கைக்காகவேனும் இடம்பெற்றதைக் கேட்டபோது எனக்கு நகையும் வந்தது; நாணமும் வந்தது.

மற்றொன்று சமுதாய வானொலி வழி. கல்வி நிறுவனங்கள் தமக்கென நிலையம் அமைத்துக்கொள்ளலாம் என்று 2002இன் இறுதியில் அரசு இசைந்தது. 2004ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் அண்ணா பண்பலை தொடங்கிற்று. நாட்டில் இவ்வகையில் அதுவே முதலாவது. 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும் இவ்வுரிமை விரிந்தது. அவற்றிற்கு விதித்த ஆற்றலின் எல்லை 100 வாட். கம்பத்தின் உயரம் 30 மீட்டர். குரல் எட்டுந் தொலைவு பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு மேற்படாது. செய்தியறிக்கை தாமே தொகுத்து வாசிக்கும் உரிமை அவற்றிற்கு இல்லை; வானிலை, குடிநீர், மின்வழங்கல், உள்ளூர்த் திருவிழா முதலியவற்றை அறிவிக்கலாம். 1924இல் சென்னைச் சங்கத்தார் நாற்பது வாட்டோடு தொடங்கிய இடத்திற்கே, எண்பது ஆண்டு சுற்றி, வானொலி ஒருவாறு மீண்டு வந்தது எனலாம்.

அத்தகைய நிலையங்களில் நான் பெரிதும் மதிப்பது பாம்பனில் 2016ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள் தொடங்கிய கடல் ஓசை. மீனவர்க்கென்றே அமைந்த நிலையம் அது. காற்றின் வேகமும் அலையின் உயரமும் அதிற் சொல்லப்படுகின்றன; மீனவர் தம் பேச்சிலேயே மீனவர்க்கு உரைக்கின்றனர். வயலில் நீரை வடிப்பதற்கே அண்டைக் குரலின்மீது நம்பிக்கை வேண்டுமாயின், கரையில் படகைக் கட்டிவைத்து ஒருநாட் கூலியை இழப்பதற்கு எத்துணை நம்பிக்கை வேண்டும்! 'இன்று கடலுக்குப் போகாதே' என்னும் சொல்லைத் தொலைவிலுள்ள அலுவலகம் சொல்வதும், உடன் வலையிழுத்தவன் சொல்வதும் ஒன்றல்ல.

இக்காலத்தில் மதுரை வானொலியைக் கைப்பேசி வாயிலாக உலகின் எம்மூலையிலிருந்தும் கேட்கலாம். பூமியின் வளைவு இனி அதற்குத் தடையன்று. தொலைவு வெல்லப்பட்டது; அண்மைதான் அருகி வருகின்றது. எங்கிருந்தோ ஒரே குரல் எல்லா ஊர்க்கும் ஒரே பாட்டையும் ஒரே நகைச்சுவையையும் வழங்குதல் எளிது; செலவும் குறைவு. வாய்க்காற்கரைக்குச் சென்று, தாளை மடித்து வைத்துவிட்டு, "காலையில் என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்பதற்கு ஆள் வேண்டும், பொழுது வேண்டும், பொறுமை வேண்டும். நம் கல்லூரி மாணவருள் எவரேனும் ஒலிபரப்புத் தொழிலிற் புகுவாராயின், கற்க வேண்டிய கருவிகள் பல. எனினும் அவ்வொரு வினாவை முதலிற் கற்பாராக.

என் தந்தையார் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அவர் பேசிய ஒலிநாடா எங்கும் இருப்பதாக நான் அறியவில்லை. அவர் என்னைப்பற்றிச் சொன்ன அக்கடைசி வார்த்தையை நான் கேட்கவுமில்லை, இனிக் கேட்கப்போவதுமில்லை. அவரிடம் உண்மையைச் சொல்லப் பதினெட்டு ஆண்டுகள் இருந்தன, சொல்லவில்லை.

பொங்கல் விடுமுறையின் கடைசி நாளன்று அப்பெட்டிக்குப் புதிய மின்கலம் வாங்கிப் போட்டோம். சிறிது நேரம் இரைந்தது, பின் ஒலித்தது. மாலைப்பொழுதில் தம்பி மகன் முள்ளைத் திருப்பி மதுரையைக் கண்டுபிடித்தான். எவரோ ஓர் உழவர் மல்லிகைச் செடியைக் கவாத்துச் செய்யும் முறையைச் சொல்லிக்கொண்டிருந்தார். சிறுவன் சற்று நேரம் கேட்டுவிட்டு, "பெரியப்பா, இவுக நம்ம ஊரா?" என்றான். "பக்கத்து ஊராயிருக்கும்" என்றேன். அவன் முள்ளைத் திருப்பவில்லை.

1995இல் அவ்வாடகை அறையில் என்னுடனிருந்த நண்பர் மூவரும் இக்கல்லூரியின் பழைய மாணவர்களே. அவர்கட்கும் இம்மலர் செல்லும் என்று நம்புகின்றேன். நீங்கள் நகைத்ததைக் குற்றமாகக் கொள்ளேன், நீங்கள் அறியீர். அந்த மாலையில் 'அங்கிட்டு ஒரு தூரு, இங்கிட்டு ஒரு தூரு' என்று பேசியவர் யாரோ ஒரு பட்டிக்காட்டு ஆள் அல்லர். அவர் என் தந்தையார்.